யாவருக்கும் ஒரு பூங்கா

உழைப்பு வாழ்க்கைக்கு எவ்வளவு இன்றியமையாததோ, ஓய்வும் அவ்வளவு இன்றியமையாததாகும். ஆண்டு முழுவதும் உழைத்தவர்களும் படித்தவர்களும் விடுமுறை நாள்களில் கடற்கரைக்கும் மலைக்கும் செல்கின்றனர். விடுதிகளில் தங்கிக் களிக்கின்றனர். அதனால் உடலும் உள்ளமும் புத்துணர்ச்சி பெறுகின்றன. ஆனால், உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உடைய குழந்தை வாழும் இல்லத்தார்க்கு இவ்வின்பம் எளிதிற் கிட்டுவதில்லை. விடுதி வாயிலில் நான்கு படிகள் இருப்பின் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். குளியலறைக் கதவு குறுகியதாயின், வளர்ந்த பிள்ளையையும் தாய் தூக்கிச் செல்லல் வேண்டும். இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. அஃது யாதென்பதை ஒரு தந்தையின் வரலாறு நமக்கு விளக்கும்.

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திலே சான் அன்டோனியோ என்னும் நகரம் உள்ளது. அங்கே வீடு கட்டி விற்கும் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டியவர் கார்டன் ஹார்ட்மன் என்பவர். அவருடைய மகள் மார்கன், உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு உடையவள். 2006ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் விடுமுறைக்காக ஒரு விடுதியில் தங்கினர். விடுதியின் நீச்சற்குளத்தில் சிறுவர் சிலர் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தனர். பன்னிரண்டு வயதினளாகிய மார்கன், அவர்களோடு விளையாடும் ஆவலால் அருகிற் சென்றாள். அவளைக் கண்ட சிறுவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் குளத்தை விட்டு வெளியேறினர்.

அங்கே படியும் கதவும் தடை செய்யவில்லை. மார்கன் நீரில் இறங்கிவிட்டாள். ஆயினும் அவளுடன் விளையாடுவார் ஒருவரும் இலர். அச்சிறுவர்களைக் கொடியவர் என்று கூறுதல் பொருந்தாது. புதிய வகையான ஒருத்தியிடம் எவ்வாறு பழகுவது என்பதை அவர்கள் அறியார். எனினும், அறியாமையாற் செய்த செயலும் மற்றோர் உள்ளத்தைப் புண்படுத்தும் அன்றோ?

தம் மகளும் பிற குழந்தைகளும் கலந்து விளையாடத் தக்க இடத்தை ஹார்ட்மன் தேடினார். அத்தகைய இடம் கிட்டாமையால், தாமே ஒன்றை அமைக்கத் துணிந்தார். மருத்துவர்களையும் பெற்றோர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கலந்து ஆராய்ந்தார். கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட நிலத்திலே, 25 ஏக்கர் பரப்பில், 2010ஆம் ஆண்டில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு 'மார்கனின் அற்புத உலகம்' என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது.

சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ஆடத்தக்க ஊஞ்சல்கள் அங்கே உள்ளன. குடைராட்டினத்தில் விலங்குருவங்கள் ஏறி இறங்கும்போது, சக்கர நாற்காலியில் இருப்போரும் உடன் ஏறி இறங்குவர். 2017ஆம் ஆண்டில் அதனருகே நீர் விளையாட்டுப் பூங்காவும் எழுந்தது. மின்கலத்தால் இயங்கும் நாற்காலியை நீரில் நனைத்தல் ஆகாது. ஆதலின், அழுத்தி அடைத்த காற்றினால் இயங்கும் நாற்காலியைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆக்கி அளித்தனர். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும், இஃது அவர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இடம் அன்று. வருவோருள் பெரும்பாலோர் குறைபாடு இல்லாதவரே. இருசாராரும் ஒருங்கே விளையாடுதலே இதன் நோக்கம்.

மார்கன் தொடக்கத்தில் அக்குடைராட்டினத்தைக் கண்டு அஞ்சினாள். அஃது ஏன் சுழல்கின்றது என்பது அவளுக்கு விளங்கவில்லை. அவளை ஒருவரும் வற்புறுத்தவில்லை. முதலில் அருகே நின்று பார்த்தாள். பின்னர், அசையாது நின்ற விலங்குருவின்மீது அமர்ந்து பழகினாள். சுழலும் இராட்டினத்தில் அவள் ஏறுதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதன்பின் அவள் அதில் விரும்பி ஏறி மகிழ்ந்தாள். பொறிகள் பல அமைத்தாலும், பொறுமை இல்லையேல் அவை முழுப்பயன் தாரா என்பது இதனாற் புலனாகும்.

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, கலையிலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பரில், சென்னை மெரினாக் கடற்கரையில் சக்கர நாற்காலி அலையருகே செல்வதற்கு மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே புயலால் அது சிதைந்தது; பின்னர்ச் செப்பனிடப்பட்டது. நல்வழியை அமைப்பதோடு அமையாமல், அதனைக் காத்தலும் கடமையே. படிகளுக்குப் பக்கத்தில் சாய்வுப் பாதை அமைப்போர், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமேனும் விடுதல் வேண்டும். செங்குத்தான பாதை இருந்தும் இல்லாததே ஆகும்.

பாதையும் கதவும் அமைத்தல் பெரியோர் கடன். உடன் விளையாடுதல் மாணவர்களின் கடன். இதற்குப் பொருள் வேண்டா, சட்டமும் வேண்டா. குறைபாடுடைய தோழனைக் காணும்போது, அவனுடைய பெற்றோரிடம் அன்றி அவனிடமே பெயரைக் கேட்டல் வேண்டும். அவன் விடை கூறும் வரையிற் காத்திருத்தல் வேண்டும். அவன் இசைவின்றி அவனது நாற்காலியைத் தொடுதல் ஆகாது. விளையாட்டின் விதியைச் சிறிது மாற்றினால் அவனும் ஆடக்கூடுமாயின், அவ்வாறு மாற்றுதலே அறிவுடைமை. மாணவர்கள் இவற்றைத் தம் பள்ளி விளையாட்டிடத்திலேயே இன்று தொடங்கலாம்.