அலையும் அயற்பொருளும்

சுங்கச்சாவடியை அணுகும் வண்டிகளின் முன்கண்ணாடியில் சிறிய வில்லையொன்று ஒட்டப்பெற்றிருப்பதை மாணவர் கண்டிருப்பர். பாஸ்டேக் என வழங்கும் அவ்வில்லையினுள் மணலளவினதாகிய சில்லு ஒன்றும், மெல்லிய உலோக அலைவாங்கி ஒன்றும் உள்ளன, மின்கலம் இல்லை. சாவடிக் கருவி வீசும் வானொலி அலையே அதற்கு உணவு. அவ்வலையில் ஒரு சிறு பகுதியைத் திருப்பியனுப்பித் தன் எண்ணை அது அறிவிக்கின்றது. பிறர் ஈந்த ஆற்றலால் இயங்கும் இவ்வில்லை, தன்னைச் சூழ்ந்த பொருள்களின் இயல்புக்குக் கட்டுப்பட்டிருத்தல் வியப்பன்று.

கண்ணாடி அலையைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆயின், வெப்பத்தைத் தடுத்தற்பொருட்டு உலோகப் பூச்சுப் பெற்ற கண்ணாடி அலையை உட்புகவிடாது திருப்பிவிடும். அதனால் அத்தகைய வண்டிகள் சிலவற்றில் பூச்சற்ற சிறிதிடத்தை விட்டுவைப்பர். வில்லையை இரும்புத் தகட்டின்மேலேயே ஒட்டிவிட்டால் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. தகட்டிற் பட்டு மீளும் அலை, வரும் அலைக்கு எதிராக நின்று, தகட்டை ஒட்டிய இடத்தில் அதன் வலியை அழித்துவிடுகின்றது. இடையே தக்கவாறு சிறிது இடைவெளி அமைப்பின் வில்லை மீண்டும் பேசும்.

நீரின் செயல் வேறு. அஃது அலையின் ஆற்றலை விழுங்குகின்றது. பாஸ்டேக்குக்குரிய அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். நீர்ப்புட்டிகள் அடுக்கிய பெட்டியைக் கடப்பதற்குள் இவ்வலை தளர்ந்துபோகும். மனித உடலிலும் நீரே மிகுதியாதலின், வில்லையைக் கையாற் பொத்திப் பிடித்துக் காட்டுவோர் கருவியைக் குறைகூறுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின், நீரிலேயே வாழும் மீனுக்கு அடையாளம் இடுவது எவ்வாறு? அமெரிக்க நாட்டின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் இவ்வினாவுக்கு விடை காணவேண்டியிருந்தது. அவ்வாற்றின் துணையாறு ஸ்நேக் ஆறு. அதன் படுகையில், இடாஹோ மாநிலத்து ரெட்பிஷ் ஏரியில் பிறக்கும் சாக்கை என்னும் சால்மன் மீன்கள், எட்டு அணைகளைக் கடந்து, ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் சென்று கடலை அடைகின்றன. வளர்ந்தபின் அவ்வழியே மீள்கின்றன. 1991ஆம் ஆண்டில் இவ்வினம் அழிவுக்குள்ளாகும் இனமென அரசினரால் அறிவிக்கப்பெற்றது. அதற்கடுத்த ஆண்டு அவ்வேரிக்குத் திரும்பியது ஒரே ஓர் ஆண்மீன்! எந்த அணையருகே எத்துணை மீன்கள் மடிகின்றன என்பதை அறியாமல் அவற்றைக் காத்தல் அரிது.

1987ஆம் ஆண்டு முதல் அப்படுகையின் சால்மன் குஞ்சுகளின் உடலில் சிறு கண்ணாடிக் குமிழ்களைச் செலுத்தி வருகின்றனர். அரிசியினும் சற்றே நீண்ட அக்குமிழினுள் சில்லும் கம்பிச்சுருளும் உண்டு. இதற்கு இப்பொழுது கொண்ட அதிர்வெண் 134.2 கிலோஹெர்ட்சு. இத்துணைத் தாழ்ந்த அதிர்வில், கருவியின் சுருளும் குமிழின் சுருளும் காந்தப்புலத்தாலேயே உறவாடுகின்றன. ஆற்றின் நன்னீர் அப்புலத்தைச் சிறிதே தடுக்கும். ஆனால் அதன் எட்டம் மிகக் குறைவு. ஆகவே மீன் செல்லும் வாய்க்காலையே சூழுமாறு பெருஞ்சுருள்களைச் சட்டம்போல் அமைக்கின்றனர்.

நீரை வென்ற இம்முறைக்கும் இரும்பு பகையே. அணையோ இரும்புக்கம்பி பொதிந்த காரையால் ஆயது. காந்தப்புலம் தாக்கியவுடன் அக்கம்பிகளில் சுழல் மின்னோட்டம் தோன்றி அப்புலத்தையே எதிர்க்கும். சுருளின் எட்டமும் சுருங்கும். எனவே சுருளையடுத்த பகுதியில் இரும்பைத் தவிர்த்தோ விலக்கியோ கட்டுவர்.

இவ்வளவு செய்தும் சில மீன்கள் படிக்கப்படாமலே கடந்துவிடும். அவை மடிந்தனவா, கருவிக்குத் தப்பினவா என்பது அவ்வணையளவில் விளங்காது. கீழுள்ள அணையிற் படிக்கப்பெற்ற மீன்களின் எண்களை எடுத்து, அவற்றுள் எத்தனை மேலணையின் ஏட்டில் இல்லை என்று ஆராய்வர். மேலணைக் கருவி தவறவிட்ட விகிதம் அதனால் தெரியவரும். அதனைக் கழித்த பின்னரே இறந்தவற்றின் கணக்கை எழுதுவர்.