கழற்குடமும் மடற்பனையும்

ஆசிரியர் தகுதித் தேர்வு 150 மதிப்பெண்களுக்கு நடைபெறுகிறது. ஒருவர் கற்றதை அது அளக்கும். கற்பிக்கும் திறனை வகுப்பறையே காட்டும். பவணந்தி முனிவரின் நன்னூல், ஆசிரியராகத் தகாதவரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகிய நான்கிற்கு ஒப்பிடுகிறது. குடத்தில் இட்ட கழற்சிக்காய்கள், கவிழ்க்கும்போது இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. நிரம்பக் கற்றும் முறை பிறழ உரைப்பவர் அத்தகையவரே. பயிற்சி வகுப்பின் பின்வரிசையில் அமரும் மேற்பார்வையாளர், பாடக்குறிப்பேட்டைக் கொண்டு இக்குறையை எளிதில் கண்டுகொள்வார். மாணவர் நோக்குவது வேறு. விளங்காத ஒன்றை இரண்டாம் முறை வினவும்போது பயிற்சி ஆசிரியரின் முகம் மாறுகிறதா என்பதே அவர்களது தேர்வு. மாறினால் மூன்றாம் முறை எவரும் வினவார். கருக்குமட்டை சூழ்ந்த பனை, ஏறுவோரை நெருங்கவிடாது. பழம் தானே விழுந்தால்தான் உண்டு.