பெயரும் தலைப்பெழுத்தும்

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன்னே வைத்து எழுதுதல் நம்மவர் வழக்கு. 1970ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் ஊர்காவற்றுறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பெற்ற கார்த்திகேசு பொன்னம்பலம் இரத்தினம் அவர்களை, கா. பொ. இரத்தினம் என்றே நாம் அறிவோம். இச்சுருக்கத்தைக் கணினி கொண்டு செய்யுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1995ஆம் ஆண்டில் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதனை மூன்று படிகளாற் செய்யலாம். முதலாவது, பெயரின் இருபுறத்து வெற்றிடத்தை 'டிரிம்' கட்டளையால் நீக்கி, 'ஸ்பிளிட்' கட்டளையால் இடைவெளிதோறும் சொற்களாகப் பிரித்தல். இரண்டாவது, இறுதிச் சொல்லைத் தனியே நிறுத்துதல். ஆங்கிலப் பெயர்க்குரிய செய்முறை எல்லாச் சொற்களையும் முதலெழுத்தாகக் குறுக்கிவிடும். நமக்கோ இறுதிச் சொல்லே சொந்தப் பெயராதலின் அது முழுமையாக நிற்றல் வேண்டும். மூன்றாவது, எஞ்சிய சொற்களின் முதலெழுத்தை எடுத்துப் புள்ளியிடுதல்.

இடர் நேர்வது இம்மூன்றாம் படியிலேயாம். 'கா' என்பது இலக்கணத்தில் ஓர் உயிர்மெய்யெழுத்து. யூனிகோடு முறையிலோ 'க' ஒரு குறியீடு. அதன் பின் நிற்கும் கால் மற்றொன்று. சொல்லின் தொடக்கக் குறியீட்டை மட்டும் கேட்பின், கா. பொ. இரத்தினம், 'க. ப. இரத்தினம்' ஆகிவிடுவார்!

இதனைச் சிறு பிழையென்று தள்ளுதற்கில்லை. நயினாதீவிலே கந்தையாவின் மகன் சிவராசா ஒருவரும், நெடுந்தீவிலே கிருஷ்ணரின் மகன் சிவராசா ஒருவரும் உளர் எனக் கொள்வோம். கணினி இருவரையும் 'க. சிவராசா' என்றே எழுதும். பழைய மாணவர் இடாப்பில் இருவர் ஒருவராகிவிடுவர்; ஒருவர் மறைந்துபோவர்.

இதற்குப் பரிகாரம் உண்டு. அம்மொழியிலுள்ள 'இன்டெல் செக்மென்டர்' என்னும் கருவி, குறியீடுகளை எண்ணாது, கண்ணுக்குத் தோன்றும் எழுத்துகளாகவே சொல்லைப் பகுக்கும். 2024ஆம் ஆண்டில் பயர்பாக்ஸ் உலாவியும் ஏற்றமையால், முதன்மையான உலாவிகள் அனைத்திலும் அது இன்று இயங்குகின்றது. அதன்வழி 'கா', 'பொ', 'கி' என்பன சிதையாமற் கிடைக்கும்.

எனினும் ஒரு புறனடை உண்டு. 'ஸ்ரீ' எனத் தொடங்கும் பெயரை அக்கருவி 'ஸ்', 'ரீ' என இரண்டாகவே பகுக்கும். முதலிரு பகுதிகளும் அவ்வாறு அமையின் சேர்த்தெடுக்குமாறு தனிவிதி ஒன்று எழுதுதல் வேண்டும்.

கணினி கற்கும் மாணவர் இலக்கணம் நமக்கெதற்கு என்று இகழாதிருப்பாராக. உயிர்மெய்யின் இயல்பறியாதார் எழுதும் நிரல், தந்தையின் பெயரையே மாற்றிவிடும்.