வைஃபை கார்டு வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வைஃபையே இல்லாத பழைய லேப்டாப்பில் உள்ளேயே ஒரு கார்டு போட்டுத் தரச் சொல்லி ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், எந்த கார்டு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மாடல் நம்பரை நீ எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பதிலை உடனே சொல்லியிருக்க மாட்டேன். இந்த வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் கார்டு. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி வந்து, அப்புறம் அடிமூடியைக் கழற்றி அதற்கு இடம் தேடுகிறோம்.

முதலில் சார்ஜரை எடு, பேட்டரியைக் கழற்று, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி. பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். பிறகு ஸ்லாட்டைப் பார். 2003-இல் இன்டெல் சென்ட்ரினோ வந்த காலத்து மெஷின் என்றால் அகலமான மினி பிசிஐ இருக்கும். அதற்குப் பின்னால் வந்தவற்றில் 52 முனைகள் கொண்ட மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். இன்றைய மெஷின்களில் எம்.2. ஒன்றுக்கு உரியது இன்னொன்றில் உட்காராது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸிலேயே முழு அளவு, அரை அளவு என்று இரண்டு உண்டு. அகலம் இரண்டுக்கும் 30 மி.மீ.தான், நீளம்தான் வேறு. முழு அளவு ஸ்லாட்டில் அரை அளவு கார்டைப் போடலாம். ஆனால் ஸ்க்ரூ துளை வரை எட்டாது, அதை நீட்டிக்க ஒரு சின்னத் தகடு வாங்கிக்கொள். தகடு இல்லை என்று டேப் ஒட்டி நிறுத்தாதே. சூட்டில் டேப் விட்டுவிடும்.

இதே வடிவத்தில் இன்னும் இரண்டு ஸ்லாட்டுகள் உன்னை ஏமாற்றும். ஒன்று சிம் போடும் டேட்டா கார்டுக்கானது, இன்னொன்று எம்-சாட்டா எஸ்எஸ்டிக்கானது. வைஃபை கார்டு இரண்டிலும் அழகாக உட்காரும், ஆனால் சிஸ்டத்துக்குத் தெரியாமலே போகலாம். டேட்டா கார்டு ஸ்லாட்டுக்குப் பல மெஷின்களில் யுஎஸ்பி இணைப்பு மட்டும்தான் ஓடியிருக்கும். போர்டில் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடு.

ஸ்லாட் சரி என்றால் அடுத்தது ஆன்டெனா. நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். வைஃபை இல்லாமல் விற்ற மாடல்கள் சிலவற்றில் ஆன்டெனா வயர்களை மட்டும் கம்பெனியிலேயே பதித்து, ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் டேப்பின் அடியில் மடித்து வைத்திருப்பார்கள். டேப்பைக் கிளப்பிப் பார். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று இருந்தால் உனக்கு யோகம். இல்லாவிட்டால் திரையின் சட்டத்தைக் கழற்றி, மேல் விளிம்பில் ஆன்டெனாவைப் பதித்து, ஹிஞ்ச் வழியாக வயரை இறக்க வேண்டும். மூடித் திறக்கும்போது நசுங்காமல் அந்த வயரை ஓட்டுவதற்குள் அரை நாள் ஓடிவிடும். கூலி பேசும்போது இதை மனதில் வை.

கார்டின் மேல் சின்ன முக்கோணக் குறி இருக்கும். எந்த நிற வயர் முதன்மை முனைக்கு, எது துணை முனைக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; சர்வீஸ் மேனுவலைப் பார். மூன்றாவதாக ஒரு வயர் இருந்து, கார்டில் இரண்டே முனை என்றால், மிஞ்சும் வயரின் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக விடு. மாட்டும் விதத்தையும் சொல்கிறேன். வயர் நுனியில் இருப்பது மிளகைவிடச் சிறிய உலோக வளையம். கார்டில் உள்ள முனைக்கு நேர் மேலே அதை வைத்து, லேசாக அசைத்து, அது பொருந்திக்கொண்டது விரலுக்குத் தெரிந்த பிறகே நகத்தின் தட்டையான பக்கத்தால் நேராக அழுத்து. மெல்லிய 'டிக்' கேட்கும். சாய்வாக அழுத்தினால் வளையம் விரிந்துவிடும்; அப்புறம் மாட்டியது போலவே இருக்கும், சிக்னல் வராது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. இந்த யு.எஃப்.எல் கனெக்டரை உருவாக்கிய ஜப்பானின் ஹிரோஸே நிறுவனமே இதற்கு 30 முறைதான் ஆயுள் சொல்கிறது. சோதனை என்று மாட்டி மாட்டிக் கழற்றாதே. எம்.2 கார்டில் இருப்பது இதைவிடச் சின்ன முனை, பழைய வயர் அதில் ஏறாது. எம்.2 கார்டை அடாப்டரில் ஏற்றிப் பழைய ஸ்லாட்டில் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி பயாஸ். எல்லாம் சரியாக மாட்டி, ஆன் செய்ததும் திரை கறுத்து ஒரு வரி மட்டும் வந்தால் பதறாதே. லெனோவோவின் திங்க்பேட் டி420, 2011-இல் வந்த நல்ல மெஷின். அதன் பயாஸுக்குள் அனுமதித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாததைப் போட்டால் 1802 என்ற எண்ணைக் காட்டி அங்கேயே நின்றுவிடும், விண்டோஸ் வரைக்கும் போகாது. இதில் கொடுமை, அதே இன்டெல் 6205 கார்டாகவே இருக்கலாம். வேறு கம்பெனி லேப்டாப்பிலிருந்து கழற்றியதாக இருந்தால் ஏற்காது. சிப்பின் எண்ணோடு, எந்தக் கம்பெனிக்காகச் செய்தது என்ற துணை எண்ணையும் அது சரிபார்க்கிறது. எச்பியின் பழைய மாடல்கள் பலவற்றில் இதே தொல்லை 104 என்ற எண்ணில் வரும். டெல் லாட்டிட்யூடில் பெரும்பாலும் இந்தக் கெடுபிடி இல்லை. கார்டையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அலைவரிசைச் சான்று வாங்கியிருக்கிறோம், அதனால்தான் இந்தப் பூட்டு என்பார்கள் கம்பெனிக்காரர்கள். இருக்கலாம். பூட்டு போட்டவர்களின் உதிரிபாகமும் அதனால் விலைபோகிறது என்பதையும் நான் மறப்பதில்லை. எப்படியோ, திங்க்பேடுக்கு வாங்கும்போது கார்டின் ஸ்டிக்கரில் லெனோவோவின் எஃப்ஆர்யு எண் (உதிரிபாக எண்) இருக்கிறதா, அது அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தானா என்று ஒப்பிட்டு வாங்கு. பயாஸை மாற்றி எழுதிப் பூட்டை உடைப்பவர்கள் உண்டு. சிப் புரோகிராமர் கையில் இல்லாமல், அதுவும் அடுத்தவர் மெஷினில், நீ அதைச் செய்யாதே.

பூட்டு இல்லாத பழைய மெஷின் என்றால் என் தேர்வு இன்டெல் 7260-இன் அரை அளவு வகை. ஐந்து கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும், அட்டையில் 867 மெகாபிட் என்று போட்டிருக்கும். பழைய ஆன்டெனா 2.4-க்கு மட்டும் செய்ததாக இருந்தால் அந்த வேகம் வராது. இதைக் கஸ்டமரிடம் முன்கூட்டியே சொல். லினக்ஸ் போட்டிருந்தால் பழைய ஏத்தெரோஸ் கார்டுகள் தொந்தரவு தருவதில்லை. கார்டு வேலை செய்து, வீட்டு ரௌட்டரின் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால், ரௌட்டர் வைஃபை 6 ஆக இருக்கலாம். இன்டெலின் பழைய டிரைவர்களுக்கு அது கண்ணிலேயே படாது, புது டிரைவர் போட்டால் தெரிந்துவிடும். மெஷின் விளிம்பில் வைஃபையை அணைக்கும் சின்னச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார். கார்டைத் திட்டுவதற்கு முன் அதைத் தள்ளிப் பார்.

இத்தனையும் பார்க்க அரை மணி நேரம் போதும். பார்த்து முடித்த பிறகுதான் கஸ்டமரிடம் அட்வான்ஸ் கேட்க வேண்டும். வயர் பதிக்காத மெஷின், அதிலும் பயாஸ் பூட்டிய மெஷின் என்றால், யுஎஸ்பி டாங்கிள் போதும் என்று சொல்லிவிட்டு, திறந்து பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்