முதல் பேச்சு அறிமுகம், இரண்டாவதுதான் தேர்வு: பேச்சாளர் தெரிவுக்கு அக்காவின் டிப்ஸ்

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014-இல் சட்டமாக்கியது. கனடா நாடாளுமன்றம் 2016 ஒக்ரோபரில் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கம் பள்ளிக்கூடம், நூலகம், அலுவலகம் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "நல்ல பேச்சாளர் ஒருவரை அனுப்புவீங்களா?" அப்படி அனுப்பக்கூடிய பேச்சாளர்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு உங்கட தலையில் விழுந்திருக்கிறதா தங்கச்சி, தம்பி? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

பேச்சாளர்களைப் பட்டியலில் வைத்து, கேட்கிற இடத்துக்கு அனுப்புவது பழைய தொழில். அமெரிக்காவின் பொஸ்ரனில் ஜேம்ஸ் ரெட்பாத் 1868-இலேயே இதற்கென்று அலுவலகம் திறந்தார். மார்க் ட்வைனும் அவருடைய பட்டியலில் இருந்தவர். பேச்சுப்போட்டிக்கு நடுவராக இருப்பது வேறு, பட்டியலுக்கு ஆள் எடுப்பது வேறு. போட்டியில் அன்றைக்கு ஒரு பேச்சு நன்றாக அமைந்தால் போதும், பரிசு கிடைக்கும். பட்டியலில் இருப்பவரோ இன்றைக்கு ஐந்தாம் வகுப்புக்கும் நாளைக்கு முதியோர் சங்கத்துக்கும் போகவேண்டியவர். அவைக்கு ஏற்ப மாற்றிப் பேசத் தெரிந்தவரா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்கவேணும்.

1. முதலில் அவையை எழுதுங்கோ

"நல்ல பேச்சாளர்" என்று பொதுவாகத் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். கேட்பவர்களின் வயது என்ன, எந்த மொழி, எத்தனை நிமிடம், கேள்வி நேரம் உண்டா? நான்கையும் எழுதிவிட்டு ஆள் தேடுங்கோ. ஜனவரியில் கேட்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கோ.

2. வெட்டி ஒட்டாத வீடியோ கேளுங்கோ

கைதட்டலும் இசையும் சேர்த்த இரண்டு நிமிட வீடியோவில் எல்லாரும் கெட்டிக்காரர்தான். ஒரே மூச்சில் எடுத்த பத்து நிமிடம் போதும், கைபேசியில் எடுத்ததென்றாலும் பரவாயில்லை. நடுவில் அவை சலசலத்தபோது அவர் என்ன செய்தார் என்று பாருங்கோ.

3. நேரத்துக்கு அட்டை பிடியுங்கோ

1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றங்களில் வழமையான பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கோ. எங்கட மேடைப் பழக்கம் தெரியும்தானே: தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, வர்த்தகப் பெருமக்களே என்று எல்லாரையும் கூப்பிட்டு முடிக்கவே பச்சை அட்டை வந்துவிடும். சிவப்பைக் கண்டபிறகும் "இறுதியாக ஒன்று" என்று மூன்று தரம் சொல்பவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதேங்கோ. அங்கே மணி அடித்தால் பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள்.

4. இரண்டாவது பேச்சைக் கேளுங்கோ

மிக முக்கியமானது இது. முதல் பேச்சு வீட்டில் மனப்பாடம் செய்தது. அது முடிந்ததும், "இதையே பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கோ" என்று கேளுங்கோ. யோசிக்க மூன்று நிமிடம் கொடுங்கோ.

1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்ததும், மீனவர் கஸ் டால்டன் அவர்களைக் காப்பாற்ற முன்வந்ததும் இங்கே அடிக்கடி பேசப்படும் விஷயம். பெரியவர்களுக்குப் பேசும்போது இலங்கையின் 1983 கலவரத்தில் தொடங்குவது சரி. பிள்ளைகளுக்கும் அதே வசனங்களை வேகமாகச் சொல்லி இரண்டு நிமிடத்துக்குள் அடக்குபவர் ஒரு வகை. "உங்கட வகுப்பைப் போல ஆறு வகுப்புப் பிள்ளைகள். இருக்கிறது இரண்டே படகு. சுற்றிலும் மூடுபனி" என்று தொடங்குபவர் இன்னொரு வகை. இரண்டாமவரை எழுதிக்கொள்ளுங்கோ, குரல் கொஞ்சம் சன்னமாக இருந்தாலும்.

யாழ்ப்பாணத்து மேடைப்பேச்சே அப்படி வந்ததுதான். மெதடிஸ்த பாதிரிமாரிடம் கண்ட பிரசங்க முறையைச் சைவ அவைக்கு ஏற்ப மாற்றித்தான் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பேசத் தொடங்கினார்.

5. புள்ளியைப் போட்ட பிறகு கதையுங்கோ

மூன்று பேர் இருந்து கேளுங்கோ, ஒருவராவது அந்தப் பேச்சாளரை முன்பின் தெரியாதவராக இருக்கட்டும். மூவரும் தனித்தனியே புள்ளி எழுதும்வரை வாய் திறக்கக்கூடாது. முதலில் ஒருவர் "அருமை" என்றால் மற்றவர்களின் பேனையும் அந்தப் பக்கம் சாயும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் பொருளுக்கு 50, வெளிப்பாட்டுக்கு 30, மொழிக்கு 20. பட்டியலுக்கு நான் சொல்லும் கணக்கு வேறு: பொருள் 30, அவைக்கேற்ற மாற்றம் 30, நேரம் 15, கேள்விக்குப் பதில் 15, குரலும் உச்சரிப்பும் 10. சொந்தக்காரர் பேசவந்தால் அந்த நடுவர் எழும்பி வெளியே போகவேணும்.

6. தகவலைத் தட்டிப் பாருங்கோ

பேச்சில் மூன்று தகவலைக் குறித்துவைத்து, "இது எங்கே படித்தது?" என்று கேளுங்கோ. 1986-இல் படகில் வந்தவர்கள்தான் கனடாவின் முதல் தமிழர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது பிழை. அவர்களுக்கு முன்பே படிக்கவும் வேலைக்கும் வந்தவர்கள் இருந்தார்கள். பிழையைச் சுட்டினால் கோபிக்கிறாரா, குறித்துக்கொள்கிறாரா? அதற்கும் புள்ளி உண்டு.

7. காயத்தைத் தோண்டாதேங்கோ

போரையும் இழப்பையும் பேச விரும்புபவர், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைத் தானே முடிவு செய்யட்டும். "இன்னும் உருக்கமாகச் சொல்லுங்கோ" என்று நடுவர் கேட்கவே கூடாது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார் என்பதை முன்கூட்டியே கேட்டு, அழைப்பவருக்கும் அறிவித்துவிடுங்கோ.

8. காசும் பனியும்

சன்மானம் உண்டா, போக்குவரத்துச் செலவை யார் தருவது என்பதைத் தேர்வுக்கு முன்னரே சொல்லுங்கோ. ஜனவரியில் பனி கொட்டினால் 116 மோர்னிங்சைட் பஸ்ஸும் பிந்தும், காரும் பிந்தும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் பக்கத்திலேயே வசிக்கும் இன்னொருவரைத் தயாராக வைத்திருங்கோ.

9. எல்லாருக்கும் பதில் எழுதுங்கோ

எடுபடாதவருக்கும் ஒரு கிழமைக்குள் இரண்டு வரி: எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தினால் அடுத்த முறை வரலாம். எடுபட்டவர் பேசிவந்த பிறகு, அழைத்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கோ: "இவரைத் திரும்பவும் கூப்பிடுவீங்களா?" இரண்டு இடத்தில் "பார்ப்பம்" என்று பதில் வந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அடுத்த ஆண்டு மறுபடி தேர்வுக்குக் கூப்பிடுங்கோ.