தலை ஏன் வலிக்கிறது?

விடுப்பு விண்ணப்பங்களில் எழுதப்படும் காரணங்களுள் மிகக் குறைந்த மதிப்பைப் பெறுவது தலைவலியே. காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து அறியலாம். எலும்பு முறிவை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். தலைவலிக்கோ சாட்சி கிடையாது. தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் பழமொழி சொல்வதும் இதனால்தான். ஆனால், மக்களின் உழைக்கும் நாட்களைக் குறைக்கும் நோய்களை வரிசைப்படுத்திய 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கீடு, ஒற்றைத் தலைவலிக்கு இரண்டாம் இடத்தை அளித்தது. இளம் பெண்களிடையே அதற்கே முதலிடம். கர்நாடகத்தில் பெங்களூரிலும் அதனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், வயது வந்தோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. இது நகரத்துப் படித்தவர்களின் நோய் என்ற எண்ணத்தை அவ்வாய்வு பொய்யாக்கியது. கிராமத்து மக்களும் இதனால் பெரிதும் அவதியுறுகின்றனர்.

வலிப்பது மூளை அன்று

தலைவலி என்றால் மூளை வலிப்பதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், தலையின் மேல்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை செய்தார். மூளையைத் தொட்டபோது நோயாளிகளுக்கு வலி தோன்றவில்லை. பிற உறுப்புகளின் வலியையெல்லாம் உணர்த்தும் உறுப்பு, தன் மீது கத்தி படுவதை அறியாதிருப்பது வியப்புக்குரியதே.

அவ்வாறாயின் வலிப்பது எது? 1940இல் ரே, உல்ஃப் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அறுவையின்போது மண்டையோட்டின் உட்பகுதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டும் இழுத்தும் சோதித்து இதற்கு விடை கண்டனர். மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறை, அதனூடே செல்லும் பெரிய சிரைகள், மூளையின் அடிப்பகுதியிலுள்ள தமனிகள் ஆகியவையே வலியை உணர்கின்றன. மண்டையோட்டுக்கு வெளியே தோல், தசை, கண், பல், மூக்கை அடுத்த காற்றறைகள் ஆகியனவும் வலிக்கக்கூடியவை.

இவ்வலிச் செய்திகளுள் பெரும்பாலானவற்றை மூளைக்குக் கொண்டு செல்வது முக்கிளை நரம்பு. அதன் ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்றொன்று கன்னத்துக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உரியவை. மூளை உறையிலிருந்து வரும் செய்தியும் நெற்றியிலிருந்து வரும் செய்தியும் ஒரே வழியாக வந்து சேர்வதால், உள்ளே எழும் வலியை நாம் கண்ணுக்குப் பின்னாலோ நெற்றிப்பொட்டிலோ உணர்கிறோம். கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் அதே நிலையத்தில் வந்து இணைகின்றன. ஆதலின் தலைவலிக்காரர் பிடரியைப் பிடித்துக்கொள்வதில் பொருளுண்டு. ‘சைனஸ்’ என்று தாமே முடிவு செய்து ஆண்டுக்கணக்கில் மருந்துண்ணும் பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி என்பதற்கும் இதுவே காரணம்.

இருவகைத் தலைவலிகள்

வேறு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றும் தலைவலிகளுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் இருபுறமும் அழுத்தும். ஆனால் நடமாட்டத்தால் அதிகரிக்காது. பெரும்பாலும் ஓய்வில் தணியும் என்பதால் இதனைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றைத் தலைவலியின் கதை வேறு. மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். பலருக்கு ஒரு பக்கமாகத் தெறிக்கும், குமட்டல் வரும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்கமுடியாதவை ஆகும். சிலருக்கு வலிக்குமுன் கண்ணெதிரே வளைந்து நெளியும் ஒளிக்கோடு தோன்றி மெல்ல விரியும். மூளையை ஆராய்ந்த லாஷ்லி என்ற உளவியலாளர், தமக்குத் தோன்றிய இக்கோட்டைப் படமாக வரைந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று நகர்வதாக 1941இல் எழுதினார். தம் நோயையே ஆய்வுப் பொருளாக்கிய அவரது பொறுமை போற்றத்தக்கது. 1944இல் பிரேசில் நாட்டு அறிஞர் லியாவோ, முயலின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் மின் அடக்க அலையைக் கண்டறிந்தார்.

இரத்தக் குழாய்கள் விரிவதாலேயே இவ்வலி எழுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. முக்கிளை நரம்பின் முனைகளே ஒருவகைப் புரதப்பொருளை வெளியிட்டு வலியைத் தூண்டுகின்றன என்பதும், குழாய் விரிதல் அதன் உடன்விளைவே என்பதும் பின்னர் தெளிவாயின. இதனை நிறுவிய நான்கு அறிஞர்களுக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க் நாட்டுப் பரிசு வழங்கப்பட்டது.

இந்நோய்க்கு ஆளாகும் இயல்பு பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. ஆனால் அதனைத் தூண்டுபவை அன்றாட வாழ்வில் உள்ளன: வேளை தவறிய உணவு, விரதம், தூக்கக் குறைவு, கடும் வெயில், மாதவிடாய். நம் நாட்டுக்கே உரிய ஒரு தூண்டுதலும் உண்டு. தலைக்குக் குளித்த பின் ஒற்றைத் தலைவலி வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர் ஒருவர் 2006இல் எழுதினார். நம் வீட்டுப் பெண்கள் ‘ஈரத்தலை ஆகாது’ என்று சொல்லிவந்தது மருத்துவ ஏட்டில் அப்போதுதான் இடம்பெற்றது!

பிற காரணங்கள்

பார்வைக் குறையால் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் மாணவனுக்குத் தலை வலிக்கலாம், கண்ணாடி போதும். குளிர்காலத்தில் வட மாநிலங்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்குவோருக்கு விடியலில் வரும் தலைவலி, கரி மோனாக்சைடு நஞ்சின் முதல் எச்சரிக்கை. இவ்வாயு இரத்தச் சிவப்பணுக்களின் நிறமியுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. ஒரே வீட்டில் பலருக்கு ஒருங்கே தலை வலித்தால் மாத்திரையைத் தேடுமுன் கதவைத் திறந்து வெளியேற வேண்டும்.

இரத்தக் கொதிப்பு பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றையும் இங்கே சுட்ட வேண்டும். அழுத்தம் மிக அதிகமாக உயர்ந்தாலன்றி அதனால் தலைவலி வருவதில்லை. ‘தலை வலிக்கவில்லை, ஆகவே கொதிப்பு இல்லை’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். பக்கவாதத்துக்கு வழிவிடும் செயல் அது.

மருந்தே நோயாகும்போது

இன்று நம் நாட்டில் மிகுந்த கவனம் பெற வேண்டியது இதுவே எனலாம். தலைவலி அடிக்கடி வருபவர், மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலிநீக்கி மாத்திரைகளை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், அம்மாத்திரையே தலைவலியை நிலைநிறுத்திவிடக்கூடும். எர்காட் வகை மருந்துகளுக்கும் கூட்டு மருந்துகளுக்கும் இவ்வரம்பு 10 நாட்களே. காலையில் வலி, மாத்திரை, சிறிது நிம்மதி, மறுநாள் மீண்டும் வலி. வயல் வேலையையோ தறியையோ ஒருநாள்கூட விடமுடியாதவர், கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் மாத்திரையை நாடுவதைக் குறை கூறுவது எளிது. அவருக்கு வேறு வழி காட்டப்படவில்லை என்பதே உண்மை. மருத்துவர் மேற்பார்வையில் அம்மாத்திரையை நிறுத்தினால், முதல் சில நாட்கள் வலி கூடிப் பின்னர் பெரும்பாலோருக்குத் தணிகிறது.

அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கப் புரோபிரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற விலை குறைந்த மருந்துகள் உள்ளன. இவ்விரண்டும் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றவை. ஆஸ்துமா உள்ளவருக்கு முன்னது ஆகாது என்பன போன்ற விதிவிலக்குகள் இருப்பதால் மருத்துவரின் தேர்வு தேவை. இதற்கு நரம்பியல் வல்லுநரோ ஸ்கேன் கருவியோ பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அமைதியாகக் கேட்கும் பத்து நிமிடக் கேள்விகளே நோயைக் காட்டிவிடும்.

ஆயினும் சில அடையாளங்களைக் கண்டால் நோயாளியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இடி விழுந்ததுபோல் நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, வலிப்பு, தலையில் அடிபட்ட பின் கூடிவரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியன அவை. ஏனையோருக்கு ஒரு நாட்காட்டி போதும். வலி வந்த நாளுக்கு ஒரு கோடும் மாத்திரை விழுங்கிய நாளுக்கு ஒரு புள்ளியும் இட்டு, மாத முடிவில் அந்தத் தாளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு சென்றால், மருத்துவர் முதலில் எண்ணிப் பார்ப்பது புள்ளிகளைத்தான்.