கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர்த் துண்டு

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன். சிவப்பு விளக்கு. அப்பா பிரேக்கை மிதித்தபடி காத்திருக்கிறார். கியர் ‘டி’யில் இருக்கிறது. கார் நகரவே இல்லை, ஆனால் ஸ்டேரிங் நடுங்குகிறது, டாஷ்போர்டில் ஒட்டி வைத்த பிள்ளையார் விடாமல் தலையாட்டுகிறார். கியரை ‘என்’னுக்குத் தள்ளியதும் நடுக்கம் குறைகிறது. வீட்டுக்கு வந்து ‘ஆர்’ போட்டால் அடியில் எங்கோ ‘தொம்’ என்று ஓர் இடி.

பட்டறைக்குக் கொண்டு போனால், “மவுண்டிங் போச்சுண்ணே” என்பார்கள். (ஸ்பார்க் பிளக் பழுதானாலும் நடுக்கம் வரும். ஆனால் அந்தத் ‘தொம்’ சேர்ந்து வந்தால் மவுண்டிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.)

மவுண்டிங் என்பது என்ன? என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக இணைந்த ஒரு கனமான கட்டி. அதை நேராகக் காரின் உடற்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட முடியாது. மூன்று அல்லது நான்கு இடங்களில் ரப்பரின் மேல்தான் அது தொங்கிக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கிறது. வெளியே ஓர் இரும்புச் சட்டம், நடுவில் ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் இடையில் இரும்போடு ஒட்டி வார்த்த கறுப்பு ரப்பர். அவ்வளவுதான். பல சிறிய கார்களில் கியர்பாக்ஸ் மவுண்டிங் இடது பக்கம், பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

இந்த ரப்பருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். முதல் வேலை, கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய என்ஜின் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கியரும் கடைசிக் கியரும் சேர்ந்து அதை 12 மடங்காக்கினால் சக்கரத்துக்குப் போவது 1,440 நியூட்டன் மீட்டர். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பும் என்ஜினும் கியர்பாக்ஸும் அதே அளவு விசையால் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் மவுண்டிங், சுழலும் அச்சிலிருந்து 0.4 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மேல் விழும் விசை 3,600 நியூட்டன். ஏறக்குறைய 360 கிலோ எடை! உங்கள் கை அகலம்கூட இல்லாத ஒரு துண்டின் மேல், ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதும்.

இரண்டாவது வேலை, நடுக்கத்தை விடாமல் வடிகட்டுவது. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றி ஐடலிங்கில் நிற்கிறது என்றால் விநாடிக்கு 12.5 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஆக, விநாடிக்கு 25 உதை, அதாவது 25 ஹெர்ட்ஸ். பழைய கன்சில் போன்ற மூன்று சிலிண்டர் கார் அதே வேகத்தில் சுற்றினால் சுமார் 19 ஹெர்ட்ஸ்தான். அந்தக் கார் ஏன் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே நின்றது என்பதற்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது.

இனிதான் விஷயமே. நான்காம் படிவ இயற்பியலில் ஒத்ததிர்வு படித்திருப்பீர்கள். ரப்பரின் மேல் உட்கார்ந்த கியர்பாக்ஸுக்கும் ஒரு இயல் அதிர்வெண் உண்டு. ஒருமுறை தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம் அது. மவுண்டிங் புதிதாக இருக்கும்போது அது 10 ஹெர்ட்ஸ் என்போம். உதை வருவது 25 ஹெர்ட்ஸில். இரண்டையும் வகுத்தால் 2.5. இந்த விகிதத்தை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, ஒன்றை அதனால் வகுத்தால் எவ்வளவு நடுக்கம் காருக்குள் கடக்கிறது என்று தெரியும். தணிப்பைக் கணக்கில் சேர்க்காத எளிய சூத்திரம் இது. 2.5 வர்க்கம் 6.25, ஒன்று போக 5.25, விடை 0.19. ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே வரவில்லை.

பல வருடம் ஓடிய பின் ரப்பர் இறுகிவிடுகிறது, அல்லது கிழிந்து உட்கார்ந்து இடைவெளி இல்லாமல் போகிறது. விறைப்பு நான்கு மடங்கானால் இயல் அதிர்வெண் இரண்டு மடங்காகும்: 20 ஹெர்ட்ஸ். இப்போது விகிதம் 1.25. அதே கணக்கைப் போடுங்கள். விடை 1.78. தடுக்க வேண்டிய ரப்பர், நடுக்கத்தைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது! ‘கெட்டியாக இருந்தால் நல்லது’ என்று நினைத்து, பந்தயக் காருக்கான கடினமான மவுண்டிங்கை வீட்டுக் காரில் போடுகிறவர்கள் இதே கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காசு கொடுத்து நடுக்கம் வாங்குவது என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் ரப்பர்? அதிலும் ஏன் இயற்கை ரப்பர்?

ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து, உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரியும். சுருங்க விட்டால் குளிரும். இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையாகப் படிந்து படிகமாகவே மாறத் தொடங்குகின்றன. அதனால் வெளிப்படும் வெப்பமும் அதில் சேர்ந்திருக்கிறது. மவுண்டிங்கில் இது உயிர்காக்கும் குணம். ஒரு சிறு விரிசல் விழுந்தால் அதன் நுனியில்தான் இழுவிசை அதிகம். அங்கே ரப்பர் படிகமாகி இறுகுவதால் கிழிசல் மேலே ஓடாமல் தயங்குகிறது. இலட்சக்கணக்கான முறை இழுபட்டும் தாங்குவது இதனால்தான்.

ஆனால் மரத்திலிருந்து வந்தபடியே அதைப் பயன்படுத்த முடியாது; வெயிலில் பிசுபிசுக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி, சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டார். ஐந்தாம் படிவ வேதியியலில் வல்கனைசேஷன் என்று வருவது இதுதான். 1931-இல் அமெரிக்காவின் பிளைமவுத் கார், என்ஜினை ரப்பரின் மேல் மிதக்கவிட்ட ஏற்பாட்டை ‘மிதக்கும் ஆற்றல்’ என்றே பெயரிட்டு விற்றது.

மரத்தின் கதை நம் வீட்டுக் கதை. 1877-இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளிலிருந்து தொடங்கி, சிலாங்கூரெங்கும் பரவிய தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டியவர்கள் யார் என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய பரிசோதனைத் தோட்டம் இருந்தது. இன்று நீங்கள் எம்ஆர்டியில் இறங்கும் குவாசா டாமான்சாரா அந்த மண்தான். 1965-இல் மலேசியா தன் ரப்பருக்குத் தர அளவு வகுத்தது. அதில் எஸ்எம்ஆர் சிவி என்ற வகை, இப்படிப்பட்ட மவுண்டிங்குகளுக்கு விரும்பி வாங்கப்படுவது.

கார் மட்டுமா? 1985-இல் கலிஃபோர்னியாவின் ரான்சோ குக்கமோங்காவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தை நிலநடுக்கத்திலிருந்து காக்க இயற்கை ரப்பர்த் தாங்கிகளின் மேல் எழுப்பினார்கள். அந்த ரப்பரை உருவாக்கியது, இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம். 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலமும் ரப்பர்த் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. கணக்கு அதேதான்: இயல் அதிர்வெண்ணை உதையின் அதிர்வெண்ணுக்கு நன்றாகக் கீழே இறக்கிவிடுவது.

மாற்றும்போது

வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும். சமதளம், கைபிரேக், சக்கரத்துக்குக் கட்டை. ஜாக் காரைத் தூக்க மட்டும்தான். தூக்கிய பின் காரை ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் யாரும் அடியில் தலையை நீட்டக்கூடாது. ஜாக்கின் எண்ணெய்ச் சீல் ஒன்று கசிந்தால் போதும், கார் கீழே வந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றுவதானால் நெகட்டிவ் முனை முதலில். மவுண்டிங்கைத் தொடும் முன்பே கியர்பாக்ஸுக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கால் மெல்லத் தாங்க வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கின் முனை நேராக அலுமினியத்தில் பட்டால் உறை விரிசல் காணும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங் மட்டும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் முழுக் கட்டியும் சாய்ந்துவிடும்.

புதியதைப் பொருத்தும்போது எல்லா போல்ட்டையும் கையால் சில சுற்று ஏற்றிய பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். நான் முதல் முறை செய்தபோது ஒரு போல்ட்டை ஆசையாக முழுக்க முடுக்கிவிட்டேன். அடுத்தது துளைக்கு நேராக வரவே இல்லை. அரைமணி நேரம் போனது. ஜாக்கைத் தளர்த்தி, கியர்பாக்ஸின் எடை ரப்பரில் இயல்பாக இறங்கிய பிறகு கடைசி முடுக்கு. முறுகிய நிலையில் ரப்பரைப் பூட்டினால் அது பிறந்த நாளிலிருந்தே இழுபட்டுக் கிடக்கும்.

பழைய போல்ட்டையும் பாருங்கள். முடுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போலக் கொஞ்சம் நீள்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் நெருக்கி, உராய்வால் நகராமல் வைக்கிறது. தளர்ந்திருந்தால் தகடு தட்டித் தட்டித் துளை முட்டை வடிவமாகும், போல்ட்டின் பக்கம் தேய்ந்து பளபளக்கும். அப்படிப்பட்டதையும், உள்ளே நைலான் வளையமுள்ள நட்டையும் திரும்பப் போடாதீர்கள். டார்க் ரெஞ்சில் எவ்வளவு என்பது அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே அளவுக்கு முடுக்கினால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும், ஏனென்றால் உராய்வு குறைந்துவிட்டது.

மேலே எங்காவது என்ஜின் எண்ணெய் கசிகிறதா? அதைச் சரிசெய்யாமல் புது மவுண்டிங் போடுவது வீண். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி, வலுவிழந்துவிடும். நம்பாவிட்டால் ஒரே அளவுள்ள மூன்று ரப்பர் பேண்ட் எடுங்கள். ஒன்றைச் சமையல் எண்ணெயில் போடுங்கள். ஒன்றை ஒரு பாட்டிலில் இறுக இழுத்து மாட்டி ஜன்னலோரம் வையுங்கள். மூன்றாவது மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கட்டும். இரண்டு வாரம் கழித்து மூன்றின் நீளத்தையும் அளந்து, இழுத்தும் பாருங்கள். பாட்டிலில் இருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், இழுத்த திசைக்குக் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தெரியலாம். காற்றிலுள்ள ஓசோன் சங்கிலிகளை வெட்டிய இடங்கள் அவை. பட்டறையில் கேட்டால் தூக்கியெறியும் பழைய மவுண்டிங் ஒன்றைத் தருவார்கள். அதிலும் அந்த வெடிப்புகளைத் தேடுங்கள். இரும்போடு ஒட்டிய ஓரத்தில் தொடங்கியிருக்கிறதா, நடுவிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.